போடியாரின் மருமகனாகிவிட்ட என் மகனுக்கு, கார் எடுப்பது பற்றி

மகன்,

நாலு சில்லும் இழுக்கிற கார் வர ஆறு மாதம் செல்லும் என்று கார் விற்கிற றொட்னி உன்னிடம் சொன்னது பொய். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான். நீ அதை நம்பி, பின்சில்லு மட்டும் இழுக்கிற காருக்கு முற்பணம் கட்டினாய். நடந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் ஏன் நடந்தது என்பது. அதற்குத்தான் இத்தனை தாள்.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் நேரில் பேசினால் நான் வியாபாரியாகிவிடுவேன். எதிரில் நிற்பவனின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லைக் கூட்டிக் குறைத்துப் பழகிய வாய் இது. உன் முகம் சுருங்குவதைக் கண்டால் பாதி உண்மையோடு நிறுத்திவிட்டு, சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். தாளில் அப்படித் தப்ப முடியாது. உறையை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். உன் மனைவி சுகந்தியும் படிக்கட்டும், அவளுடைய தகப்பன், உன் மாமா போடியாரும் படிக்கட்டும். மகனைப் பெண் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கடையில் குந்தியிருக்கும் வேறு தகப்பன்மாரின் கையில் இது கிடைத்தாலும் எனக்கு வெட்கமில்லை. அவர்களுக்கும் இந்த நோய் இருக்கும். வெளியில் சொல்ல மாட்டார்கள். நோயின் பெயர் பொறாமை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், நடுவில் வேறு நல்ல பெயர் தேடாமல் இருப்பதற்கு.

நான் இதை அறிந்த விதத்திலிருந்து தொடங்குகிறேன். றொட்னியின் குடும்பம் நமக்குப் புதிதில்லை. புளியந்தீவுப் பறங்கி. அவனுடைய தகப்பன் என் முதல் லொறியின் எஞ்சினை எத்தனையோ தடவை இறக்கி ஏற்றியவர். இவன் கையில் எண்ணெய் படாமல் பிழைக்கிறான். கொழும்பிலுள்ள இறக்குமதிக்காரருக்கு முகவராக இருந்து மின்சாரக் கார் விற்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை, ஆட்களுக்கு ஓட்டிக் காட்டுகிற காருக்குக் காற்றுப் பார்க்க என் கடைக்கு வந்தான். நான் குனிந்து வால்வு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, "அங்கிள், உங்கட மகனும் போடியாரும் ஞாயித்துக்கிழம வந்து ரெண்டு காரையும் ஓட்டிப் பாத்தாங்க. போடியார் முன் சீற்றில இரிந்து ஏசியக் கூட்டுறதும் குறைக்கிறதுமா ஒரே விளையாட்டு" என்றான். நான் நிமிரவில்லை. தெரியும், மகன் சொன்னவன் என்று வால்வைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நீ சொல்லவில்லை. அந்தக் காருக்கு அன்றைக்கு நான் எவ்வளவு காற்று அடித்தேன் என்று எனக்கே தெரியாது. றொட்னி போகும் வழியில் வேறு எங்காவது குறைத்திருப்பான்.

முப்பது வருடமாக இந்த ஊர் வண்டிகளின் சில்லைத் தடவிப் பார்த்துச் சோறு தின்கிறவன் நான். அதற்கும் முன்னால் என் சொந்த ஊர் மாங்கேணியில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுத் தொடங்கியது இந்தத் தொழில். கச்சேரி உத்தியோகத்தர், பாதிரியார், ஐஸ் மீன் ஏற்றுகிறவர் என்று யார் வண்டி வாங்கினாலும் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் வாங்குவதில்லை. என் மகன் தன் சொந்த உழைப்பில் முதல்முதலாகப் புதுக் கார் எடுக்கப் போகிறான். யோசனை கேட்கக் கூட்டிக்கொண்டு போனது யாரை? வயல் நிறைய இருப்பதால் போடியார் என்று பெயரெடுத்து, மாட்டு வண்டியிலிருந்து இறங்கி நேராக ட்ரக்டரில் ஏறிய ஒரு மனிதரை. ட்ரக்டரையும் அவர் ஓட்டுவதில்லை, ஆள் வைத்து ஓட்டுகிறவர்.

நீ அந்த வீட்டுக்குப் போனது பிழை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் போய் இருக்கிறவன். நானும் ஒரு பையோடு நாவற்குடாவுக்கு வந்து உன் அம்மாவின் வீட்டில் இருந்தவன்தான். உன் கலியாணம் முடிந்து நாலாம் நாள் உன் பெட்டியை மண்முனைப் பாலத்துக்கு அங்கால கொண்டுபோய் இறக்கியதும் நான்தான். சிரித்துக்கொண்டுதான் இறக்கினேன். ஆனால் மகள் உள்ள வீட்டில் ஒருவன் போனால் இன்னொருவன் வருவான். எனக்கு நீ ஒருவன் மட்டும். போனவனுக்குப் பதிலாக வர ஒருவரும் இல்லை. உன் மாமாவுக்கும் ஒரே பிள்ளைதான், ஆனால் அவருக்கு அது வரவாகவும் எனக்கு அது செலவாகவும் முடிந்தது. படுக்கிற இடம்தானே மாறுகிறது, பிள்ளை மாறமாட்டான் என்று நான் போட்டிருந்த கணக்கு மூன்று வருடத்தில் பிழைத்துவிட்டது.

சின்னச் சின்ன விடயங்கள். சொன்னால் சிரிப்பாய். கட்டாரிலிருந்து வந்து சோலர் பூட்டுகிற வேலையைத் தொடங்கியதும் முதல் பூட்டியது அவருடைய கூரைக்கு. என் கடைக் கூரைக்கு, "பிறகு பாப்பம் அப்பா" என்றாய். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இன்று எவ்வளவு மின்சாரம் வந்தது என்று ஃபோனில் பார்க்க அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய். பெருநாள், திருவிழா என்று எங்கே கண்டாலும் அந்த ஃபோனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, "மருமகன் பூட்டினது, இண்டைக்கு நல்ல வெயில்" என்பார். வெயிலும் நீ பூட்டியதுதான் என்பது போல. மாரி காலத்தில் நாங்கள் வரப் புறப்பட்டால், "அப்பா, வழி சரியில்ல, வராதீங்க, நாங்க வாறம்" என்பாய். என்னை அந்த முற்றத்தில் காண உனக்கு விருப்பமில்லை என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். வியாபாரத்தில் எவன் என்ன நினைக்கிறான் என்று மூக்காலேயே அறிகிறவன், சொந்த மகனின் சொல்லுக்கு இப்படித்தான் அர்த்தம் கண்டுபிடித்தேன்.

றொட்னி காற்றுப் பார்க்க வந்து இரண்டு நாள் கழித்து நீ கடைக்கு வந்தாய். கார் எடுக்க யோசிக்கிறேன் அப்பா என்று நீ தொடங்கியபோது, எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் ரயர் அடுக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன். காருக்கு மின்சாரம் வீட்டுக் கூரையிலிருந்தே வரும், பெற்றோல் வரிசையில் நின்ற காலம் போதும் என்றாய். நல்ல பேச்சு. பிறகு வந்தது மாமா. மாமா சொல்கிறார் ஃபோர் வீல்தான் நல்லம் என்று. மாமா சொல்கிறார் வயல் வட்டைக்குள் பின்சில்லு சரிவராது என்று. மாமாவுக்கு நிறம் வெள்ளை பிடித்திருக்கிறது. நீ தேநீர் குடித்து முடிப்பதற்குள் பதினொரு தடவை மாமா வந்தார். நான் எண்ணினேன். "அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று நீ கேட்டதும் அதற்குள் ஒரு தடவை இருந்தது. அதை நான் எண்ணவில்லை.

பின்சில்லு எடு என்று சொன்னேன். யோசிக்காமல் சொன்னேன். உன் மாமா பின்சில்லு என்று சொல்லியிருந்தால் நான் ஃபோர் வீல் என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் கார் வேண்டும் என்றால் நான் தோணி வேண்டும் என்றிருப்பேன். அந்த நிமிடத்தில் என் நிலைமை அது.

ஆனால் நான் வெறும் வாய்க்காரன் இல்லை. சொல்லிவிட்ட சொல்லுக்கு நியாயம் தேட அடுத்த நாளே றொட்னியிடம் போய் இரண்டு காரையும் கல்லடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். கடற்கரை மணலில் இறக்கினேன். அடியில் படுத்துப் பார்த்தேன். வேடிக்கை என்னவென்றால் என் சொல்லுக்கு மெய்யாகவே நியாயம் இருந்தது. மின்சாரக் காரில் பற்றரி அடித்தட்டு முழுக்கப் பாரமாகக் கிடக்கிறது. பழைய பின்சில்லு வண்டி போல வால் இலேசாக நின்று ஆடாது. மோட்டர் பின்சில்லுக்கு நேரே இருக்கிறது. கால் வைத்த உடனே பாரம் பின்னுக்குச் சாயும், சாய்ந்த இடத்திலேயே தள்ளுகிற பலமும் இருக்கும். முன்சில்லுக்குத் திருப்புகிற வேலை மட்டும்தான். அதனால் சின்ன ஒழுங்கைக்குள்ளும் ஒரே வெட்டில் கிறுகும். ஃபோர் வீலுக்கு முன்னால் இன்னொரு மோட்டர். அதன் பாரத்தையும் சுமந்துகொண்டு ஓடவேண்டும், ஒரு சார்ஜில் போகிற தூரம் குறையும். இங்கே வரியை மோட்டரின் பலத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். மோட்டர் கூடினால் விலை ஏறுவது அதனால்தான். ரயரும் அப்படித்தான். இந்தக் கார்கள் பாரம், இழுவையும் சட்டென்று வரும், ரயரைத் தின்னும். பின்சில்லு காரில் பின் சோடியைத்தான் கூடத் தின்னும், முன் பின் மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். ஃபோர் வீலில் நாலும் ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருப்பது நல்லது. மாற்றும்போது நாலையும் மாற்று என்றுதான் நான் வருகிறவர்களுக்குச் சொல்வேன். யோசித்துப் பார், நீ ஃபோர் வீல் எடுத்தால் என் கடைக்குத்தான் இலாபம். அதைக்கூடப் பொருட்படுத்தாமல் பேசினேன் என்றால் பொறாமை எவ்வளவு நேர்மையான வேடம் போடும் என்று தெரிந்துகொள்.

இத்தனை நியாயத்தையும் உன்னிடம் வந்து சொல்லியிருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதத் தேவையில்லை. சொல்லப் பயந்தேன். என் நியாயத்தையும் அவருடைய ஒரு சொல்லையும் நீ பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவருடையதை எடுத்துவிடுவாய் என்று பயந்தேன். ஆகவே போட்டி இல்லாமல் வெல்லப் பார்த்தேன். றொட்னியின் மேசைக்கு முன்னால் குந்தி, என் மகன் வந்தால் ஃபோர் வீலுக்கு ஆறு மாதம் செல்லும் என்று சொல்லு என்றேன். அவன் சிரித்தான். "ரெண்டும் ஒரே கப்பல்ல வாறதுதானே அங்கிள். பொய் சொன்னா நான் சேர்ச்சில பாவசங்கீர்த்தனம் செய்யோணும்" என்றான். செய்துவிட்டு வா, உன் காருக்கு ஒரு சோடி ரயர் தருகிறேன் என்றேன். "ஒரு சோடி எண்டா பாதிப் பாவத்துக்குத்தான் காணும்" என்றான். நாலாகக் கொடுத்தேன். அவனைக் கோபிக்காதே. அவனைக் கெடுத்தவன் நான்.

நீ அடுத்த கிழமையே பின்சில்லு காருக்கு முற்பணம் கட்டினாய். அன்று வீட்டுக்கு வந்து நான் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்திருக்க வேண்டும். உன் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் என்னோடு இருந்தவள். இரண்டு கேள்வியில் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. மீன் செதிலைக் கழுவிவிட்டு, "நீங்க லொறி வாங்கி எத்தின நாளையால மாங்கேணிக்குக் கொண்டு போனீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இதை நான் உனக்கு ஒருபோதும் சொன்னதில்லை. என் முதல் லொறியை வாங்கக் கூட்டிக்கொண்டு போனது உன் அம்மாவின் தகப்பனைத்தான். அவர் வீட்டில்தானே இருந்தேன், அவர்தான் பக்கத்தில் இருந்தார். அப்போது அது எனக்கு ஒரு விடயமாகவே படவில்லை. மாங்கேணிக்கு அதை ஓட்டிக்கொண்டு போனது ஒன்றரை மாதம் கழித்து, அதுவும் அங்கே மீன் ஏற்ற ஒரு ஓட்டம் கிடைத்தபடியால். என் அப்பா வலையை வைத்துவிட்டு வந்து லொறியைச் சுற்றிப் பார்த்தார். "ஆரு பாத்து எடுத்த?" என்று கேட்டார். மாமா என்றேன். "நல்லம்" என்றார். திரும்பிப் போய் வலையை எடுத்தார். அவருக்கு லொறி பிடிக்கவில்லைப் போல என்று நினைத்துக்கொண்டு மீனை ஏற்றினேன். இத்தனை காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கேட்டது லொறியைப் பற்றி இல்லை என்பது உன் அம்மா மீன் கழுவிய அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவர் போய்ப் பதினாறு வருடம்.

விளங்கினாலும் நான் திருந்தவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். விளங்கிய மறுநாளும் கடையில் இருந்துகொண்டு, போடியாருக்கு இப்போது முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். அந்த முகத்தை நேரில் பார்க்கவேண்டும் என்ற ஆசைதான் என்னைப் போன வியாழக்கிழமை பாலத்துக்கு அங்கால கொண்டுபோனது. அவருடைய ட்ரக்டருக்குச் சொல்லிவைத்திருந்த ரயர் வந்திருந்தது. அதைக் காட்டக் கூப்பிடுகிறேன் என்று சாட்டு. ஃபோன் எடுத்தால் முடிகிற வேலைக்கு பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் பகலெல்லாம் ஐப்பசி மழை. நீ சைட்டுக்கும் சுகந்தி பள்ளிக்கூடத்துக்கும் போயிருப்பீர்கள் என்று தெரிந்துதான் காலையில் போனேன்.

தார் றோட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வயல் வட்டைக்குள்ளால் போகிற இரண்டு கிலோமீற்றரை நான் வெயில் காலத்தில்தான் கண்டிருக்கிறேன். கல்லு மாதிரி இருக்கும். அன்று அது வேறு வழி. மேலே நீர் வடிந்திருந்தது, அடியில் களிமண். வாய்க்கால் மதகைத் தாண்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் என்னைக் கேட்காமல் இடதுபக்கம் போனது. நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை, அந்தப் பிழையை நான் செய்யமாட்டேன். ஆனாலும் வெறும் பிக்கப், பின்னால் பாரமில்லை, பின்சில்லு பிடிக்க ஒன்றுமில்லை. மெதுவாக, மிகவும் மெதுவாக, வாய்க்கால் கரையில் போய்ச் சரிந்து நின்றது. ரயர் வியாபாரி. தெரிந்தவர் ஒருவரும் அந்த வழியால் வரவில்லை என்று சுற்றிப் பார்த்தேன்.

வந்தார். அவரே வந்தார். ட்ரக்டரில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்தில் மட்கார்ட்டில் குந்திக்கொண்டு. இறங்கி என் பிக்கப்பைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், முழங்கால் வரை சேறு. நான் அவருடைய முகத்தில் சிரிப்பைத் தேடினேன். இல்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, போடுகிறீர்களா என்று கேட்டார். பிறகு கயிறு கட்டச் சொல்லிவிட்டு என்னோடு வரப்பில் நின்றார். மதகைக் காட்டி, "இந்த இடத்திலதான் சம்பந்தி, போன மாரியில புள்ளட ஸ்கூட்டர் சறுக்கினது. நல்லகாலம், கையோட போயிற்று" என்றார்.

மகன், சுகந்தியின் கை குளியலறையில் வழுக்கி விழுந்து முறிந்தது என்றுதான் எங்களுக்குச் சொன்னீர்கள். அம்மா தைலம் கொண்டுவந்து தடவினாள். நான் தோடம்பழம் வாங்கி வந்தேன். எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சொன்னார். "மருமகன்தான் வேணாம் எண்டவர். அப்பாக்குத் தெரிஞ்சா, இந்த வழி வேணாம், நாவற்குடாவுக்கு வந்திரிங்க எண்டு நிப்பார் எண்டு. நான் என்ன சொல்ல, சம்பந்தி. நீங்க கூப்பிட்டா அவர் வந்திருவார். எனக்கு அந்தப் பயம்தான்."

நான் மறுத்துப் பேச வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மைதான். சொல்லியிருந்தால் அன்று மாலையே வந்து நின்றிருப்பேன். அவளுடைய முறிந்த கையைச் சாட்டாக வைத்து உன்னைத் திருப்பிக் கொண்டுவரப் பார்த்திருப்பேன். நீ என்னைச் சரியாக அளந்து வைத்திருக்கிறாய்.

அவர் அதோடு நிற்கவில்லை. கயிறு இறுகுவதைப் பார்த்துக்கொண்டே, "இஞ்ச எதைக் கேட்டாலும் அப்பாட்ட ஒருக்காக் கேப்பம் எண்டுதான் மருமகன் சொல்றது. தண்ணி மோட்டர் வாங்கினாலும் அப்பா, படலைக்குக் கொளுக்கி போட்டாலும் அப்பா. என்ட ட்ரக்டருக்கு ரயரும் நீங்க. இந்தக் காரையெண்டாலும் நான் முதல்ல போய்ப் பாக்கோணும் எண்டு நாந்தான் அவரை ஞாயித்துக்கிழம இழுத்துக்கொண்டு போன. உங்களுக்குச் சொல்லுவம் எண்டவர். மறுகா சொல்லலாம் எண்டு தடுத்ததும் நாந்தான்" என்றார். சொல்லிவிட்டு வயலைப் பார்த்தார். அந்தப் பெரிய மனிதரின் காது சிவந்திருந்தது.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வயிறு நிறையச் சந்தோசம். படலைக் கொளுக்கிக்கும் அப்பாவா என்று இன்னொரு தடவை கேட்க ஆசைப்பட்டேன். அந்தச் சந்தோசம் இருக்கும்போதே, அது தந்த தைரியத்தில், ஆறு மாதம் என்று சொல்ல வைத்தது நான் என்பதை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பினார். "எனக்குச் சொன்னது காணாது. புள்ளைகளுக்குச் சொல்லுங்க" என்றார். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். பிக்கப் மேலே வந்தது. தேநீர் குடிக்காமல் விடவில்லை. இறால் பொரியலும் தந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. நீ அடிக்கடி சொல்வது சரி. அம்மாவிடம் இந்த வரியைக் காட்டாதே.

இனி, மூன்று வருடமாக நீ கேட்டு நான் ஒழுங்காகச் சொல்லாத புத்திமதியை, கார் விடயத்தில் மட்டும், ரயர்க்கடைக்காரனாகச் சொல்கிறேன். வருடத்தில் பத்து மாதம் உங்கள் வழிக்குப் பின்சில்லு தாராளமாகக் காணும். காசு மிச்சம், தூரமும் கூடப் போகும். மிச்ச இரண்டு மாதமும் களி. என் வெறும் பிக்கப் சறுக்கியதை வைத்து அந்தக் காரும் சறுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பாரம் சரியான இடத்தில் இருக்கிறது, சறுக்கினால் தானே பிடிக்கிற அமைப்பும் இருக்கிறது. மாரிக்கு ஆழமாக வெட்டிய ரயர் போட்டால் பத்து நாளில் ஒன்பது நாள் சுகந்தி பள்ளிக்கூடம் போய் வருவாள். பத்தாவது நாளுக்கு நான் பொறுப்பு நிற்க மாட்டேன். ஃபோர் வீல் அந்தப் பத்தாவது நாளிலும் களியில் ஏறும். ஆனால் மதகுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தால் இரண்டும் ஒன்றுதான். எத்தனை சில்லு இழுத்தாலும் தண்ணீரின் ஆழம் குறையாது. அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட வேண்டும், ஃபோர் வீல் இருக்கிறதே என்று இறங்கிவிடக் கூடாது. ஃபோர் வீல் எடுக்கிறவர்கள் செய்கிற பிழை அதுதான். பின்சில்லு எடுக்கிறவர்கள் செய்கிற பிழை, மிச்சம் பிடித்த காசைப் பார்த்துக்கொண்டு நல்ல ரயர் போடாமல் விடுவது. எது எடுப்பது என்று நான் சொல்லப் போவதில்லை. நாள்தோறும் அந்த மதகைத் தாண்டப் போகிறவள் சுகந்தி. நானும் உன் மாமாவும் இத்தனை நாள் பிடுங்குப்பட்டதில் அவளிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை. நீ கேட்டாயா?

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லி வைக்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒரு மகன் பிறந்து அவனும் ஒரு பெட்டியோடு போவான். போகிற இடத்தில் அவன் நன்றாக இருந்தால் உனக்கு நோகும். நன்றாக இல்லாவிட்டாலும் நோகும். முதல் நோவை அன்பு என்று நினைத்து அதற்குத் தீனி போடாதே. நான் போட்டேன். அது வளர்ந்து உன்னிடம் பொய் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டது. இப்போதும் அது செத்துவிடவில்லை. நீ வெள்ளைக் கார் எடுத்தால் எனக்கு எரியும். எரியட்டும், அது என் பாடு, உன் காரைத் தீர்மானிக்க அதற்கு இடமில்லை.

வியாழக்கிழமை பாலத்தைத் தாண்டி நேரே றொட்னியிடம்தான் போனேன். உன் ஓடர் இன்னும் கொழும்புக்குப் போகவில்லை. பேசி முடித்தது இது. பின்சில்லு ஒரு கோடியே எழுபத்தெட்டு இலட்சம். ஃபோர் வீல் இரண்டு கோடியே பன்னிரண்டு இலட்சம். நீ கட்டிய முற்பணம் இரண்டுக்கும் செல்லும், மாற்றுவதற்குத் தண்டம் இல்லை. எதை எடுத்தாலும் ஆறு கிழமையில் கையில். வருகிற புதன்கிழமை மாலைக்குள் நீயோ சுகந்தியோ நேரில் போய்ச் சொல்ல வேண்டும். எந்தக் கார் என்பதில் என் சொல் எதையும் ஏற்கக்கூடாது என்று றொட்னிக்கு எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வைத்திருக்கிறேன்.

அப்பா